நடுவர் செவியும் மாணவர் குரலும்

(மாணவர் பாடற் போட்டிகளில் நடுவராய் அமரும் ஆசிரியர்முன் ஆற்றிய உரை)

 

ஒரு சிறுமி மேடைக்கு வருகிறாள் என வைத்துக்கொள்க. வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் ஏறி வந்தவள். தாய் பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவள். ஒருநாட் கூலியை விட்டுவிட்டு மகளோடு வர இயலாதவள். பாட்டு ஆசிரியர் என்று எவரும் அச்சிறுமிக்கு வாய்த்ததில்லை. பாட்டியிடம் கேட்டதும், வானொலியிற் கேட்டதும், பள்ளிக் காலைக் கூட்டத்திற் பாடியதுமே அவள் பெற்ற இசைக்கல்வி. அவளுக்குக் கிடைத்திருப்பவை மூன்று நான்கு மணித்துளிகள். அந்த நான்கு மணித்துளியில் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் எதைக் கேட்கிறார்? அவள் குரலையா? அவள் உடையையா? அவள் பள்ளியின் பெயரையா? அவளை அழைத்து வந்த ஆசிரியரின் முகத்தையா? இவ்வுரை முழுதும் இவ்வினாவைச் சுற்றியே செல்லும்.

2022-23ஆம் கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டரசின் பள்ளிக்கல்வித் துறை கலைத் திருவிழா என்னும் பெயரால் அரசுப் பள்ளி மாணவர்க்குப் போட்டிகள் நடத்தி வருகிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாய் ஏறும் போட்டி அது. மாநில அளவில் வெல்வோர்க்குக் கலையரசன், கலையரசி என்னும் பட்டங்கள் உண்டு. பாராட்டத்தக்க ஏற்பாடு. கட்டணம் கொடுத்துப் பாட்டுக் கற்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு மேடை கிடைத்திருக்கிறது. ஆயினும் ஏணி எவ்வளவு நல்லதாயினும் ஒவ்வொரு படியிலும் நிற்பவர் கையைக் கொடுக்கிறாரா, காலை வாரிவிடுகிறாரா என்பதைப் பொறுத்தே ஏற்றம். விருதுநகர் மாவட்டத்தில் பதினோர் ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. அத்தனை ஒன்றியங்களிலிருந்தும் மேலேறி மாநில மேடைக்குச் செல்வோர் மிகச் சிலர். இடையிலேயே வீடு திரும்புவோர் மிகப் பலர். அந்தச் சிலரைத் தேர்ந்தெடுத்ததும் நடுவர் வேலை முடிந்தது என்று கருதுவோர் உளர். திரும்பிச் செல்லும் பலரும் என்ன கேட்டுக்கொண்டு திரும்புகிறார்கள் என்பதும் அவர் வேலைதான்.

இம்மண்ணின் பிள்ளைகளுக்கு அளந்து பார்க்கப்படுதல் புதிதன்று. ஒரு தலைமுறைக்கு முன்புவரை அவர்கள் கைகள் அளக்கப்பட்டன. தீப்பெட்டிக்குக் குரோசுக் கணக்கு. 144 பெட்டிக்கு ஒரு குரோசு. எத்தனை கட்டை அடுக்கினாய், எத்தனை பெட்டி ஒட்டினாய் என்பதே அன்று மாலையில் அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி. 1986-இல் வந்த சிறுவர் உழைப்புத் தடைச் சட்டம், தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசு செய்யும் வேலைகளிற் சிறுவரை அமர்த்துதல் கூடாதென்றது. சிவகாசிச் சிறுவர் பொருட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996 திசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அதே ஊர்களிலிருந்து பாட வரும் பிள்ளைகளின் தாய் தந்தையர், பாட்டன் பாட்டியரிற் பலர் அந்த அகவையில் கட்டை அடுக்கியவர்கள். அடுக்கியபோது பாடவும் செய்தார்கள். அப்பாட்டைக் கேட்டு மதிப்பிட ஆளில்லை. கைவேகத்தைக் குறிக்கக் கணக்கர் இருந்தார். இப்பொழுது முதன்முறையாக அவ்வீட்டுக் குரல் ஒன்றை உட்கார்ந்து கேட்க மூவர் அமர்ந்திருக்கிறார்கள் என்றால், அந்த மூவர் செவியில் தங்கியிருப்பது சிறு பொறுப்பா?

யார் அந்த மூவர் என்பதும் பார்க்க வேண்டுவதே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலைச் சொல்ல வந்த இளங்கோவடிகள், அதற்கு முன்னரே ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் ஆகியோர்க்கு இன்னின்ன தெரிந்திருக்க வேண்டுமென வரிசையாய் உரைக்கிறார். கற்பிப்போர் தகுதியைச் சொன்ன பின்னரே கற்றவள் திறம் பேசப்படுகிறது. இன்றோ பள்ளிக்கு நாற்காலி வாங்கித் தந்தவர் என்பதற்காகவே ஒருவர் நடுவர் நாற்காலியில் அமர்த்தப்படுவதுண்டு. அவரை மேடையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்துக. பரிசை அவர் கையாற் கொடுக்கச் செய்க. மதிப்பெண் தாளை மட்டும் அவரிடம் கொடுத்துவிட வேண்டா. பண்ணறிந்தவர் ஒருவர், தாள நடை அறிந்தவர் ஒருவர், தமிழாசிரியர் ஒருவர் என மூவர் அமைந்தால் நன்று. தம்மிடம் பயிலும் மாணவன் பாடும்போது எந்த ஆசிரியரும் மதிப்பெண் இடலாகாது. அந்த எண்ணுக்கு அவர் எழுந்து வெளியே செல்வதே முறை.

சிவகாசியில் நின்றுகொண்டு பாட்டைப் பற்றிப் பேசுவோர் ஒருவரை மறத்தல் இயலாது. விசுவநாததாசு 1886-இற் சிவகாசியிற் பிறந்தவர்; திருமங்கலத்தில் வாழ்ந்தவர். மருத்துவர் எனப்பெறும் முடிதிருத்துவோர் குலத்தினர். நாடக மேடையில் முருகனாய்த் தோன்றிப் பாடிப் புகழ்பெற்றார். மதுரகவி பாசுகரதாசு இயற்றிய விடுதலைப் பாடல்களை நாடகத்தின் நடுவே பாடினார். அதற்காக வெள்ளையர் ஆட்சி அவரைப் பன்முறை சிறையிலிட்டது. சிறையினின்று வெளிவந்ததும் மீண்டும் மேடையேறி அதே பாட்டைப் பாடினார்.

அத்தகைய பாடகரோடு ஒரே மேடையில் நடிக்க, அவர் பிறந்த குலத்தைக் காட்டி மறுத்தோர் இருந்தனர். அவர் குரலிற் குறை கண்டு அவர்கள் விலகவில்லை. குரலைக் கேட்குமுன்பே விலகினார்கள். அம்மறுப்புக்கு நடுவில் துணிந்து அவரோடு இணைந்து நடித்தவர் கே. பி. சானகியம்மாள். 1940 திசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளித் திருமண நாடகம். முருகன் கோலத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே விசுவநாததாசின் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவில்லம் இருக்கிறது. சிவகாசிப் பிள்ளைகளுக்கு அவர் கதை தெரிகிறதா என்று ஆசிரியர்கள் ஒருமுறை வகுப்பிற் கேட்டுப் பார்ப்பது நன்று.

இன்று எந்த நடுவரும் பிள்ளையின் குலத்தை வாய்திறந்து கேட்பதில்லை. கேளாமலே அறிய வழிகள் பல உள. பெயர் சொல்லும், ஊர் சொல்லும், தெரு சொல்லும், மணிக்கட்டிற் கட்டிய வண்ணக் கயிறு சொல்லும். 2023 ஆகத்தில் நாங்குநேரியில் மாணவர் இருவர் வெட்டுண்ட கொடுமைக்குப் பின் அரசு அமைத்த குழு, உயர்நீதிமன்ற முன்னாள் நடுவர் சந்துருவைக் கொண்டது. 2024 சூனில் அவர் அளித்த அறிக்கை, அக்கயிறுகளைப் பள்ளியினின்று அகற்ற வேண்டுமென்றது. கயிறு நாங்குநேரிப் பக்கத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வட்டார ஆசிரியர்கள் அறிவார்கள்.

ஆகவே கண்ணை மறைத்துவிடுவதே நலம். அமெரிக்க நாட்டுப் பல்லியக் குழுக்கள் 1970களிலிருந்து, வாசிக்க வருவோர்க்கும் தேர்வாளர்க்கும் இடையே திரை கட்டத் தொடங்கின. நடையோசையால் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடுமே எனத் தரையில் விரிப்பும் இட்டன. முன்னணிக் குழுக்கள் ஐந்தில், 1970-இல் 100-க்கு 5 பேருக்கும் குறைவாயிருந்த பெண்கள் 1990களின் இறுதியில் ஏறத்தாழ 25 ஆயினர். இம்மாற்றத்தில் திரைக்கும் பங்குண்டு எனக் கோல்டின், இரௌசு என்னும் பொருளியலறிஞர் இருவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. எவ்வளவு பங்கு என்பதில் மாறுபட்டு உரைப்பாரும் உளர்.

திரை தமிழர்க்குப் புதிய பொருளன்று. முன்னே சொன்ன அதே அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளைக் குறிக்கிறது. நடுவர் கண்ணை மறைக்க அன்று எழினி கட்டினார்கள் என்று கூறினால் அது மிகைப்பேச்சாகும். அவை அரங்கிற்கு உரிய திரைகள். எனினும் இரண்டு கழியும் ஒரு போர்வையும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் இன்றே எழினி கட்டலாம். முதற்சுற்றுப் பாட்டை அதற்குப் பின்னிருந்து கேட்கட்டும். பெயர் வேண்டா, பள்ளி வேண்டா. எண் ஒன்று போதும். மெய்ப்பாடும் மேடை நிற்கும் முறையும் பார்க்க வேண்டிய இறுதிச் சுற்றில் எழினியை நீக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது சுதி. பெரும்பாலான முறைகேடு இங்கேதான், அறியாமலே நடக்கிறது. மேசைமேற் சுதிப்பெட்டி ஒன்று வைத்திருப்பார்கள். அதை ஒரு கட்டையில் நிறுத்தி, வருவோர் எல்லாரும் அதற்கே பாடுக என்பார்கள். நேரம் மிச்சமாகும் என்பது காரணம். ஒரே அளவுச் செருப்பை எல்லாப் பிள்ளைகட்கும் மாட்டிவிட்டு ஓட்டப் பந்தயம் வைத்தது போன்றது இது. சிறுமியர்க்கும் குரல் உடையாத சிறுவர்க்கும் ஐந்து, ஐந்தரைக் கட்டை இயல்பாய் அமையும். குரல் முதிர்ந்த இளைஞனுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு. ஐந்து கட்டையிற் பெரிய பையனைப் பாடச் சொன்னால் வலிவு மண்டிலத்தில் அவன் கத்துவான்; ஒரு கட்டையிற் சிறுமியைப் பாடச் சொன்னால் மெலிவில் அவள் குரல் வெறும் மூச்சாய்க் கரையும். இரண்டையும் கேட்டு ‘சுதி சேரவில்லை’ என்று எழுதும் நடுவர், சேராதபடி செய்தவர் தாமே என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

சுதிப்பெட்டியையே முன்பின் கண்டிராத பிள்ளையிடம் ‘உன் கட்டை எது?’ என்று கேட்டால் அது விழிக்கும். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து எல்லாப் பிள்ளைகட்கும் தெரியும். மனோன்மணீயம் சுந்தரனாரின் அப்பாடலை 1970-இல் அரசு ஏற்றது, விசுவநாதன் இசையமைத்தார். 2021 திசம்பரில் அதை மாநிலப் பாடலாய் அறிவித்த அரசாணை, முல்லைப்பாணியில், மும்மை நடையில், 55 நொடியிற் பாட வேண்டுமென வரையறுத்தது. முல்லைப்பாணி என்பது இன்று மோகனம் என வழங்கும் பண். உழை, தாரம் என்னும் இரண்டும் நீங்கிக் குரல், துத்தம், கைக்கிளை, இளி, விளரி என ஐந்து நரம்பில் நடப்பது. சிறுவர் குரலுக்கு இணக்கமானது. மேடைக்கு வந்த பிள்ளையைச் சுதியின்றியே அதில் இரண்டு வரி பாடச் சொல்க. குரல் எங்கே தானாய் நிற்கிறதோ அந்தக் கட்டையைப் பெட்டியில் வைக்க. அரை மணித்துளி ஆகும். அதற்கு மதிப்பெண் இல்லை என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவிடுக. தொண்டையின் நடுக்கமும் அதற்குள் சற்றுத் தணியும். ஒலிவாங்கியைக் கண்டு மிரளும் பிள்ளையை ஒலிவாங்கி இன்றியே பாட விடுக. குடிக்க நீர் வைத்திருக்க. காலை ஐந்து மணிக்குக் கிளம்பிய பிள்ளையைப் பகல் இரண்டு மணிவரை வெறும் வயிற்றோடு காக்க வைத்துப் பின் குரல் வளத்துக்கு மதிப்பெண் குறைப்பது, பகலுணவுத் திட்டத்தைத் தந்த காமராசர் பிறந்த ஊரிற் செய்யத்தக்க செயலன்று.

பையன்கள் செய்தி தனியே சொல்லத்தக்கது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு அகவையில் அவர்கள் குரல் உடைகிறது. நாடகக் குழுவினர் இதற்கு மகரக்கட்டு என்று பெயரிட்டனர். குரல்வளை பெரிதாகிறது, குரல்நாண் நீண்டு தடிக்கிறது, குரல் ஏறத்தாழ ஒரு மண்டிலம் கீழிறங்குகிறது. இடைப்பட்ட திங்கள்களில் அவன் ஓரிடத்தில் நிறுத்த நினைப்பான், குரல் வேறிடத்திற் போய் விழும். சங்கரதாசு அடிகள் 1918-இல் மதுரையில் அமைத்ததைப் போன்ற சிறுவர் நாடகக் குழுக்கள் ஊர்தோறும் சென்ற காலத்தில், மகரக்கட்டு வந்த பையன் பாட்டு வேடத்தை இழப்பான். குழு நடத்துபவர்க்கு நுழைவுச்சீட்டு விற்க வேண்டும். அவர் என்ன செய்வார்? பள்ளிக்கு அந்த நெருக்கடி இல்லை.

ஆயினும் சென்ற ஆண்டு முதற்பரிசு வாங்கிய பையன் இந்த ஆண்டு தடுமாறுவதைக் கண்டதும், ‘உனக்குக் குரல் போய்விட்டது தம்பி’ என்று சொல்லிவிடும் நடுவர் உண்டு. இரக்கத்தோடுதான் சொல்கிறார். பையன் அதைத் தீர்ப்பாய் எடுத்துக்கொள்கிறான். அதன்பின் வாய் திறப்பதில்லை. போகவில்லை, மாறுகிறது என்பதே உண்மை. மகரக்கட்டு நாளில் வலிவிற் கத்தற்க, கட்டையை இறக்கிச் சமனில் மெல்லப் பாடுக, வலித்தால் நிறுத்துக, ஓராண்டு, சிலர்க்கு ஈராண்டு பொறுத்தால் புதிய குரல் நிலைபெறும் என்று சொல்லி அனுப்புதல் வேண்டும். அவ்வாண்டு அவனுக்குக் குறைந்த மதிப்பெண்ணே வரட்டும். அதில் முறைகேடு இல்லை. காரணத்தை அவன் அறிந்துகொண்டு போவது இன்றியமையாதது.

இனி, பாட்டின் மொழியும் வகையும். தமிழ்ப்பாட்டைத் தாழ்வாய் எண்ணிய நடுவர் கூட்டம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அரங்கின் கடைசியிற் பாடும் துக்கடாவுக்கே தமிழ் என்று ஒதுக்கி வைத்தார்கள். அதை எதிர்த்தே அரசர் அண்ணாமலையார் முன்னின்று 1941-இல் தில்லையில் தமிழிசை மாநாடு கூடியது. 1943-இற் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. 1946-இல் திருவையாற்றுத் தியாகராசர் விழாவில் தண்டபாணி தேசிகர் தமிழிற் பாடியதால் மேடை தீட்டாயிற்று எனப் பேசப்பட்டதும், குடியரசு இதழ் அதைக் கடிந்து எழுதியதும் மறக்கத்தக்கன அல்ல. தேசிகரின் குரலிலா தீட்டு இருந்தது? அன்றைய மேடையின் எண்ணம் இன்னும் முற்றும் மறைந்துவிடவில்லை. ஒரு பிள்ளை திருமுறைப் பாட்டை நன்கு பாடியிருக்க, மற்றொரு பிள்ளை பொருள் தெரியாத பிறமொழி உருவைப் பாடியது ‘கனமானது’ என்று கூடுதல் மதிப்பெண் இடுவோர் இன்றும் இருக்கின்றனர்.

எதிர்ப்பக்கத்துச் சாய்வும் ஒன்று உண்டு. தமிழ்ப்பற்று மிக்க நடுவர், பாட்டு தூய தமிழில் இருந்தது என்பதற்காக மட்டும், சுதி விலகித் தாளம் தவறிய பாட்டுக்கு மதிப்பெண்ணை வாரி இறைப்பார். அதனால் தமிழிசைக்கு நன்மை விளைவதில்லை. ‘தமிழ்ப்பாட்டுப் பாடினாற் போதும், பயிற்சி வேண்டா’ என்னும் பெயரே விளையும். இம்மாவட்டத்தில் வீட்டிலே தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல. அவ்வீட்டுப் பிள்ளை போட்டி விதி இடம் தரும் பாட்டைப் பாடினால், பாட்டுக்கு உரிய மதிப்பெண் முழுதும் அப்பிள்ளைக்கு உரியது. தமிழ்ப்பாட்டை முதன்மையாய் வைக்க விரும்புவோர் அதைப் போட்டி விதியில் முன்கூட்டியே எழுதட்டும். மதிப்பெண் தாளில் ஒளித்து வைக்க வேண்டா.

நாட்டுப்புறப் பாட்டுக்கு வேறு கோல் வேண்டும். கரிசற் காட்டுக் களையெடுப்புப் பாட்டைப் பாடும் பிள்ளையிடம் ஆளத்தி எங்கே என்று கேட்பது, முறத்தைப் பார்த்து ஏன் தண்ணீர் நிற்கவில்லை என்று கேட்பதற்கு ஒப்பு. அங்கே பார்க்க வேண்டியவை நடையின் உறுதி, சொல்லின் தெளிவு, பாட்டோடு ஒன்றும் நெஞ்சம். ஒப்பாரி பாடிய பிள்ளையை ‘மங்கலமான பாட்டுக் கிடைக்கவில்லையா?’ என்று கேட்டு அமரச் செய்தல் ஆகாது. கையறுநிலை என ஒரு துறையே வகுத்த மொழி இது. வெடி நேர்வில் உறவை இழந்த வீடுகள் நிறைந்த வட்டாரத்தில் ஒப்பாரி ஒரு பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று வினவாமலே தெரிந்துகொள்ளலாம்.

ஒலிப்பு பற்றி ஒரு சொல். தென்பாட்டில் ழகரம் ளகரமாய் மாறுவது ஊர்ப்பேச்சு. மேடைப் பாட்டில் அது குறையே, மதிப்பெண் குறையட்டும். ஆனால் அவையோர் முன்னிலையில் அவ்வெழுத்தை மூன்று முறை சொல்ல வைத்துச் சிரிப்பது ஆசிரியத் தொழிலாகாது. எந்தச் சொல்லில் எந்த எழுத்து மாறியது என்று தாளிற் குறித்துக் கொடுத்தால், தமிழாசிரியர் ஒரு வாரத்தில் திருத்திவிடுவார்.

மதிப்பெண் இடும் முறையில் இரண்டு எச்சரிக்கை போதும். முதலிற் பாடிய பிள்ளைக்கு நடுவர் கை இறுகும்; ‘இனி இதைவிட நல்லது வரக்கூடும்’ என்று மிச்சம் பிடிப்பார். பெல்சிய நாட்டில் எலிசபெத்து அரசியின் பெயரால் நடக்கும் புகழ்பெற்ற இசைப்போட்டியை ஆராய்ந்தவர்கள், முதல்நாள் வாசித்தோர் பின்நாள்களில் வாசித்தோரைவிடப் பின்தங்கக் கண்டார்கள். அங்கே வரிசை குலுக்கலால் அமைவது, ஆகவே திறமை நாளுக்கு நாள் மாறியிருக்கக் காரணமில்லை. உலகத் தேர்ச்சி பெற்ற நடுவர்க்கே இந்நிலை என்றால் மற்றவர்க்குச் சொல்ல வேண்டா. முதல் மூன்று எண்களை இறுதியில் ஒருமுறை மீண்டும் அழைத்துக் கேட்டால் இக்குறை பெரிதும் நீங்கும். இரண்டாவது, மூவரும் மதிப்பெண்ணை எழுதி மடித்து வைக்கும் வரை ஒருவரோடொருவர் பேசாதிருத்தல். மூத்தவர் ‘அடடா’ என்று தலையசைத்துவிட்டால் இளையவர் கோல் அப்பக்கமே சாயும்.

எழுதிக் கொடுக்கும் சொல்லுக்கு வருவோம். பவணந்தியார் நன்னூலில் நல்லாசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கை ஒப்புக் காட்டினார். நடுவரைக் கேட்டால் நிறைகோல் ஒன்றே தமக்கு உரியதென்பார். சிறுவரை மதிப்பிடுவோர்க்கு மிதித்தாலும் பொறுக்கும் நிலமும், எல்லார்க்கும் மலர்ந்த முகம் காட்டும் மலரும் கூடவே வேண்டும். அதே நூல் கடை மாணாக்கனுக்கு நெய்யரியை ஒப்புக் கூறும். நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் பன்னாடை அது. நான்கு மணித்துளிப் பாட்டில் பிழை நேர்ந்த இரண்டு நொடியை மட்டும் நினைவில் வைத்திருக்கும் நடுவர், அப்பன்னாடையைத் தவிர வேறு யார்?

‘நன்று’, ‘முயற்சி தேவை’, ‘பயிற்சி போதாது’ என்னும் சொற்கள் எந்தப் பிள்ளைக்கும் எதையும் கற்பிப்பதில்லை. பிள்ளை வீட்டுக்குப் போய்ச் செய்யத்தக்க ஒரு செயலைச் சொல்ல வேண்டும். ‘இரண்டாம் அடியில் வலிவுக்கு ஏறுமுன் மூச்சை வாங்கிக்கொள்.’ ‘அரைக்கட்டை இறக்கிப் பாடிப் பார்.’ ‘தாளத்தைக் கையிற் போடாமற் பாதத்திற் போட்டுப் பழகு; கை அச்சத்தால் விரைகிறது.’ ‘நாள்தோறும் காலையில் பத்து மணித்துளி, சுதியோடு வாய்மூடி முனகிப் பழகு, பின் வாய் திற.’ இவ்வாறு ஒன்று. ஒன்றே போதும், ஏழு குறைகளை அடுக்கினால் பிள்ளை ஏழையும் மறக்கும், அவமானம் மட்டும் நிற்கும். அதற்கு முன், நன்றாய் அமைந்த ஓரிடத்தை அடி சுட்டிச் சொல்க. ‘நல்ல குரல்’ என்று பொதுவாய்ச் சொன்னால் பிள்ளைக்கு அது தானமாய்த் தெரியும். ‘மூன்றாம் அடியில் இளியில் நின்ற இடம் அசையாமல் நின்றது’ என்றால், தான் செய்த ஒன்று சரியாய் இருந்தது என்பதைப் பிள்ளை அறியும். அதை மீண்டும் செய்யும்.

பொய்ப் பாராட்டும் வேண்டா. சுதியே சேராத பிள்ளையைக் கைதட்டி அனுப்பி, மறுவாரம் பட்டியலிற் பெயரின்றி ஏங்க வைப்பது கடுஞ்சொல்லினும் கொடிது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். கண்ணோட்டத்துக்கு வேறோர் அதிகாரம், அதுவும் அரசியலில் வைத்தார். அந்தக் கண்ணோட்ட அதிகாரத்தில்தான், பாட்டோடு பொருந்தாத பண்ணையும் இரக்கமற்ற கண்ணையும் ஒரே குறளில் அருகருகே நிறுத்திப் பயனில்லாதவை என்கிறார். கண்ணோட்டம் பேச வந்த இடத்தில் பாட்டை ஏன் எடுத்துக்காட்டினார் என்பது பாட்டு நடுவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

மதிப்பெண் தாளின் ஒரு படி பிள்ளையின் கையிற் போய்ச் சேர வேண்டும். இன்று அது பெரும்பாலும் அலுவலகக் கட்டுக்குள் போய் மறைகிறது. நடுவர் மூவரும் எழுதிய ஒவ்வொரு வரியும் அப்படியில் இருக்கட்டும், கையொப்பமும் இருக்கட்டும். கையொப்பமிட வேண்டுமென்றால் எவரும் எண்ணியே எழுதுவர்.

தேர்வு பெறாத பிள்ளைகளைப் பள்ளி என்ன செய்வது? காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலித்தட்டிற் போட்டுவிட்டு வாய்மூடி நிற்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அரசாணையோ பயிற்சி பெற்றவர்கள் வாயாற் பாடுவதையே விரும்புகிறது. போட்டியிற் பாடித் திரும்பிய பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரு குழுவாக்கி, நடுவர் எழுதித் தந்த வரிகளை அவர்கள் ஆசிரியர் கையிற் கொடுத்து, வாரம் இருமுறை அரைமணி பயிற்றுவித்து, நாள்தோறும் காலையில் அவர்களையே முன்னின்று பாடச் செய்க. மகரக்கட்டுப் பையன்கள் பின்வரிசையில் நின்று கீழ்க்குரலிற் பாடட்டும். அடுத்த ஆண்டுப் போட்டிக்கு எண் வழங்கும் நாளில், அக்குழுவிலிருந்து எத்தனை பேர் மீண்டும் பெயர் கொடுக்கிறார்கள் என்பதைத் தலைமையாசிரியர் ஒரு தாளிற் குறித்து, சென்ற ஆண்டு அமர்ந்த நடுவர் மூவர்க்கும் அனுப்பி வைக்கட்டும்.